கதவருகே நின்று எடுக்கும் கணக்கு: கேள்வி பதில்

தேசிய மாதிரி ஆய்வின் களப்பிரிவில், பெரும்பாலும் தென் மாவட்டங்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதியும், பிறர் எழுதி வந்ததைச் சரிபார்த்தும் ஓய்வு பெற்றவன் நான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு துறையின் பணி. அதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர நடத்தியதில்லை.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மாதிரி ஆய்வும் ஒன்றுதானே, ஐயா? இரண்டிலும் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள்.

இல்லை. முன்னது உள்துறை அமைச்சகத்தின்கீழ் உள்ள தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருமானவர், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் விடாமல் எல்லாரையும் எண்ணுவது. பின்னது புள்ளியியல் அமைச்சகத்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் ஆழமாகக் கேட்பது. 1950-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கிவைத்தது. இரண்டின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் முன் இரண்டின் வரையறைகளையும் படியுங்கள். இந்த எச்சரிக்கையை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, அடுக்ககவாசி: 2011-இல் எங்கள் வீட்டுக்கு யாருமே வரவில்லை. அப்படியானால் 121 கோடி என்பது பொய்க்கணக்குத்தானே?

உங்கள் வீடு விட்டுப்போயிருக்கலாம். அல்லது, நீங்கள் அலுவலகம் சென்றிருந்தபோது வீட்டில் இருந்த வேறொருவர் பதில் சொல்லியிருக்கலாம். இப்படி உறுதியாக மறுத்த பலரிடம், பின்னால் நின்ற அம்மா "போன மாதம் ஒரு டீச்சர் வந்துட்டுப் போனாங்களே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கணக்கு முடிந்த பிறகு, தேர்ந்தெடுத்த கணக்கெடுப்புத் தொகுதிகளில் (ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கும் சிறு பகுதிகளில்) மறுபடியும் தனியாக எண்ணி இரண்டையும் ஒத்துப்பார்க்கும் பழக்கம் உண்டு. 2011-இல் அவ்வாறு பார்த்தபோது ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 23 பேர் நிகரமாக விடுபட்டிருந்தது தெரியவந்தது. அதை அத்துறையே வெளியிட்டது. தன் பிழையைத் தானே அளந்து சொல்லும் கணக்கைப் பொய்க்கணக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

திருச்சி, இல்லத்தரசி: மேல்மாடியில் மாமியார் தனியாகச் சமைத்துக்கொள்கிறார், கீழே நாங்கள். குடும்ப அட்டை ஒன்றுதான். நாங்கள் ஒரு குடும்பமா, இரண்டா?

இந்த ஒரு கேள்விக்கே ஒரு நாள் முழுவதும் பேசலாம். குடும்ப அட்டையை முதலில் உள்ளே வைத்துவிடுங்கள். அதற்கும் எங்கள் கணக்குக்கும் தொடர்பே இல்லை. வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே அடுக்களையில் சமைத்ததை உண்பவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு தேவையில்லை. உங்கள் வீட்டிலேயே தங்கி உங்கள் வீட்டுச் சோற்றையே உண்ணும் பணிப்பெண் உங்கள் குடும்பத்தில் சேர்வார், ஒரே கூரையின்கீழ் தனி உலை வைக்கும் தாய் சேரமாட்டார். ஆகவே நீங்கள் இரண்டு குடும்பங்கள். மாமியார் ஒரு நபர் குடும்பம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி களத்தில் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. காலைச் சிற்றுண்டி தனியாகவும் மதியச் சாப்பாடு மகன் வீட்டிலுமாக இருப்பவரை என்ன செய்வது? அரிசி பொது, குழம்பு தனி என்பவரை என்ன செய்வது? பெரும்பாலான நாள்களில் எந்த அடுப்பு என்று கேட்டு முடிவு செய்வோம். சில வீடுகளில் அந்தக் கேள்வியே வாசலில் சண்டையை மூட்டிவிட்டதும் உண்டு; நான் எழுதுகோலை மூடிக்கொண்டு மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பியிருக்கிறேன்.

விடுதிகளில் தங்குபவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு நிறுவனக் குடும்பமாக எழுதும். மாதிரி ஆய்வோ ஒவ்வொரு விடுதிவாசியையும் ஒரு நபர் குடும்பமாகக் கொள்ளும், வருமானத்தைச் சேர்த்துச் செலவழித்தால் மட்டும் ஒன்றாக்கும். இதைப் பாராமல் இரண்டிலும் உள்ள "சராசரிக் குடும்ப அளவை" ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுபவர்களை என்ன சொல்வது?

இராமநாதபுரம், ஆசிரியர்: என் பாட்டிக்கு உண்மையில் 66 வயது, 2011-இல் 70 என்று எழுதினார்கள். வயதில் கூடவா அலட்சியம்?

அலட்சியம் மட்டுமல்ல. பிறந்த நாள் தெரியாத ஊரில் வயதைக் கேட்டால் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்றுதான் வரும். அதனால் வயது அட்டவணையில் 0, 5-இல் முடியும் இடங்களில் ஆள்கள் மலையாகக் குவிந்திருப்பார்கள், 59-இலும் 61-இலும் பள்ளமாக இருக்கும். நல்ல கணக்கெடுப்பாளர் வயதை நேராகக் கேட்கமாட்டார். ஊர் மறக்காத நிகழ்ச்சியைக் கேட்பார். உங்கள் பக்கத்தில் எனக்கு மிகவும் உதவியது 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். "புயல் அடிச்சப்ப மூத்தவன் வயித்துல" என்று ஒரு பாட்டி சொன்னால், மகன் பிறந்தது 1965. கல்யாணம் ஆகி எத்தனை ஆண்டுக்குப் பிறகு அவன், வயதுக்கு வந்து எத்தனை ஆண்டில் கல்யாணம் என்று பின்னோக்கி நடந்தால் ஓரிரு ஆண்டு பிசகில் வயது கிடைத்துவிடும். அண்ணா மறைந்த 1969, எம்.ஜி.ஆர். மறைந்த 1987, ஆழிப்பேரலை வந்த 2004 ஆகியவையும் இப்படிப் பயன்பட்டவையே. இதற்கு ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு தொகுதியில் 650 முதல் 800 பேரை எண்ண வேண்டிய பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும் என்பதை ஆசிரியரான நீங்களே சொல்லலாம்.

கோயம்புத்தூர், தொழில்முனைவோர்: நுகர்வுச் செலவு ஆய்வுக்கும் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. இரண்டரை லட்சம் வீடுகளைக் கேட்டு நாட்டையே எப்படி அளக்க முடியும்?

2023-24 ஆய்வில் கேட்கப்பட்டவை 2,61,953 வீடுகள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அடிப்பிடித்த பானையில் மேற்சோறு பதம் காட்டாது. அதனால்தான் நாட்டை ஊரகம், நகரம் என்றும், பின்பு அடுக்கடுக்காகவும் பிரித்து, முதலில் கிராமங்களையும் நகரத் தொகுதிகளையும் தற்செயல் முறையில் தேர்ந்து, அவற்றில் உள்ள எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு, அப்பட்டியலை மறுபடி வகைப்படுத்தி, அதிலிருந்து சில வீடுகளை எடுக்கிறார்கள். எந்த வீடு என்பதை நானோ ஊர்த்தலைவரோ தீர்மானிக்க முடியாது. மதிப்பீட்டின் துல்லியம் பெரும்பாலும் எத்தனை வீடுகளைக் கேட்டோம் என்பதைப் பொறுத்ததே தவிர, நாட்டில் மொத்தம் எத்தனை வீடுகள் என்பதைப் பொறுத்ததன்று. உண்மையான இடர் வேறு: வசதியான அடுக்ககங்களில் காவலாளி உள்ளே விடுவதில்லை. மேல்தட்டுச் செலவு குறைவாகப் பதிவாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விருதுநகர், மூத்த வாசகி: கணவர் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் எனக்கு. சொல்லாவிட்டால் தண்டனையா?

இல்லை, அம்மா. 1948 சட்டத்தின் 8-ஆம் பிரிவே, கணவர் பெயரையோ வழக்கம் தடுக்கும் வேறு பெயரையோ சொல்லுமாறு எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பேரனைச் சொல்லச் சொல்லுங்கள்.

தென்காசி, வாசகி: என் அம்மா நாற்பது ஆண்டாகப் பீடி சுற்றுகிறார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். கணக்கெடுக்க வந்தவர் அவரை "வேலை இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். இதுதான் உங்கள் துல்லியமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். தவறு நடந்தது, அது எங்கே நடந்தது என்றும் சொல்கிறேன். வந்தவர் வாசலில் நின்ற உங்கள் தந்தையிடமோ அண்ணனிடமோ "அவங்க வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டிருப்பார். "இல்ல, வீட்லதான் இருக்காங்க" என்று பதில் வந்திருக்கும். நம் ஊரில் வேலைக்குப் "போவது" என்றால் படி தாண்டுவது. கூலி வாங்கிச் சுற்றுவது எந்த வரையறைப்படியும் வேலை. 2011 விதிகளின்படி, வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் கறப்பதற்காக மாடு வளர்ப்பவர்கூட உழைப்பாளர்தான். விதி பிழையில்லை, வினைச்சொல்தான் பிழை.

ஈரோடு, விவசாயி (இடைமறித்து): அப்படிப் பார்த்தால் வீட்டில் இருக்கும் எல்லாப் பெண்களும் வேலை செய்பவர்கள் என்று எழுதிவிட வேண்டியதுதானே? புள்ளிவிவரத்துக்கு என்ன பொருள்?

தென்காசி வாசகி: எழுதினால் என்ன? சோறு தானாகவா வெந்தது?

இருவரும் சற்றுப் பொறுங்கள். சொந்த வீட்டுக்குச் சமைப்பது, பெருக்குவது, பிள்ளை பார்ப்பது ஆகியவை வேலைவாய்ப்புக் கணக்கில் வேலை ஆகா. ஆனால் அவை எண்ணப்படாமலும் இல்லை. வீட்டு வேலைகளோடு விறகு பொறுக்குவது, மாட்டுத் தீவனம் சேர்ப்பது, வீட்டுக்காகத் தைப்பது ஆகியவற்றையும் செய்பவருக்கு உழைப்புப்படை ஆய்வில் 93 என்று தனிக் குறியீடு இருக்கிறது. 92 என்பது வீட்டு வேலை மட்டும். அன்றாட நேரத்தை அரைமணிக் கூறுகளாக எழுதும் நேரப் பயன்பாட்டு ஆய்வும் உண்டு. 2019 ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

ஈரோடு, விவசாயி: என் மனைவியும் களை எடுக்கிறார். அவரை என்னவென்று எழுதுவார்கள்?

கூலி இல்லாவிட்டாலும் குடும்பத் தொழிலில் உதவுபவர் உழைப்பாளர்தான், ஐயா. நீங்கள் கேட்ட முதல் கேள்வியில் அவரை விட்டுவிட்டீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

சென்னை, பொருளியல் ஆய்வு மாணவி: 15 வயதும் அதற்கு மேலுமான பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த பங்கு, 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7. இவ்வளவு ஏற்றம் உண்மையா, அல்லது இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறார்களா?

ஏற்றத்தில் பெரும்பங்கு சுயதொழிலிலும், அதற்குள் ஊதியமில்லா உதவியாளர் என்ற வகையிலும் வந்தது. வருமானம் போதாமல் பெண்கள் வயலுக்கும் கடைக்கும் இறங்கினார்கள் என்பவர்களும் சரி, துருவிக் கேட்கத் தொடங்கியதால் ஒளிந்திருந்தவர்கள் வெளியே தெரிந்தார்கள் என்பவர்களும் சரி, பாதி உண்மையைப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. இன்னோர் எச்சரிக்கை: நீங்கள் சொன்ன எண்கள் வழக்கநிலைக் கணக்கு, அதில் ஓராண்டில் 30 நாள் துணைவேலை செய்தாலும் போதும். வாரநிலைக் கணக்கில் கடந்த ஏழு நாள்களில் ஒரு நாளில் ஒரு மணி நேரம் செய்தாலே வேலை. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கடலூர்: குடும்ப அட்டையில் மகள் பெயரைச் சேர்ப்பது எப்படி?

வட்ட வழங்கல் அலுவலகம்.

வேலூர், செவிலியர்: குழந்தைகளின் இரத்தசோகைப் புள்ளிவிவரம் பற்றி?

அது சுகாதார அமைச்சகத்துக்காக மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வு. அங்கே கேளுங்கள்.

சேலம்: எங்கள் வீட்டுக்கும் யாரும் வரவில்லை.

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

மதுரை, வழக்கறிஞர்: வரும் கணக்கெடுப்பில் சாதி கேட்கப் போகிறார்கள். முன்பே கேட்டார்களே, அது என்ன ஆயிற்று? இதை வைத்துத் தேர்தல் தொகுதி மறுவரையறையும் வருமா?

1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளும் அட்டவணையாக வெளிவரவில்லை. 2011-ஐ ஒட்டித் தனியாக நடத்திய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் சாதிப் பெயரை மக்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். 1931-இல் 4,147 ஆக இருந்த பெயர்கள் இதில் 46 லட்சத்தைத் தாண்டின என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. குலப்பெயர், பட்டப்பெயர், உட்பிரிவு, எழுத்துப்பிழை என்று ஒவ்வொன்றும் ஒரு சாதியாகிவிட்டது. முன்கூட்டியே பட்டியலும் குறியீடும் இல்லாமல் திறந்த கேள்வி கேட்டால் இதுதான் நடக்கும். 2025 ஜூன் 16 அறிவிப்பின்படி அடுத்த கணக்கு, பெரும்பாலான பகுதிகளுக்கு, 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவில் உள்ள மக்கள்தொகையைக் காட்டும். தேர்தல் தொகுதி மறுவரையறையையும் இதே கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். அது அரசியல், என் துறையன்று.

நாகர்கோவில், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்கினீர்கள் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

இந்தக் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல். 1950-களின் தொடக்கத்திலேயே, ஒரு வாரத்தைக் கேட்டால் வரும் அளவு ஒரு மாதத்தைக் கேட்டால் வருவதைவிட விகிதத்தில் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். வீட்டில் தானியத்தை எடைபோட்டுப் பார்த்ததில் மாதக் கணக்கே உண்மைக்கு நெருக்கமாக வந்ததால் 30 நாள் நிலைத்தது. 1990-களின் நடுவில், உணவுக்கு 7 நாளும் துணிமணி போன்றவற்றுக்கு 365 நாளும் கேட்கும் மாற்று அட்டவணையைச் சோதித்தபோது, அதன்படி வறுமை ஏறத்தாழ பாதியாகத் தெரிந்தது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, கேள்வி மட்டும் வேறு! பிறகு 1999-2000-இல் 7 நாளையும் 30 நாளையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வைத்தார்கள். சொல்பவரும் எழுதுபவரும் ஒன்றை மற்றொன்றோடு பொருந்தச் செய்துவிட்டதால், முந்தைய சுற்றுகளோடு அதை ஒப்பிடலாமா என்ற சண்டை பல ஆண்டு ஓடியது. இப்போது அரிசி, பருப்புக்கு 30 நாள், காய்கறி, எண்ணெய், மீனுக்கு 7 நாள், துணிக்கு 365 நாள். அத்துடன் 2022-23 முதல் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுச் சலிக்கவைக்காமல் மூன்று மாதங்களில் மூன்று முறை வருகிறார்கள். ஆகவே 2011-12 எண்ணையும் 2022-23 எண்ணையும் நேராகக் கழித்து... எச்சரிக்கையை முடிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

திருப்பூர்: எங்கள் தெருவுக்கே யாரும்...

அடுத்த கேள்வி.

தென்காசி வாசகி: கடைசியாக ஒன்று. அடுத்த முறை வந்தால் அம்மா என்ன சொல்ல வேண்டும்?

முதலில், அம்மாவே வாசலுக்கு வரட்டும். அவருக்காக வேறு யாரும் பதில் சொல்ல வேண்டாம். "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லாமல், நாளொன்றுக்கு எத்தனை பீடி, ஆயிரத்துக்கு என்ன கூலி, ஆண்டில் எத்தனை மாதம் என்று சொல்லச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் சுற்றினால் அவர் முதன்மை உழைப்பாளர். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பீடித் தட்டை எடுத்துக்கொள்ளட்டும்.