பெண் மந்திரவாதியை எப்படி எழுதுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடக்கும் மாயக்கதையில் மந்திரம் செய்கிற பெண்ணைச் ‘சூனியக்காரி’ என்றுதான் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ‘மந்திரவாதி’ என்றே எழுதுங்கள்; அரசியல்வாதி மாதிரி அதுவும் இருபாலுக்கும் பொது, ‘மந்திரவாதி கதவைத் திறந்தாள்’ என்றால் வினையே பெண் என்று காட்டிவிடும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்குத் தாடி வைத்த ஆண்தான் கண்ணில் வருவான், அதனால் முதல் வாக்கியத்திலேயே அந்தத் ‘திறந்தாள்’ வந்துவிடட்டும். ஆணா பெண்ணா என்று மறைக்க வேண்டுமானால் ‘திறந்தார்’ போதும்.

சூனியக்காரன், சூனியக்காரி இரண்டும் செய்வினை வைத்துக் கெடுப்பவர்களுக்கு. ஒரே வேலையைச் செய்கிற ஆணை மந்திரவாதி என்றும் பெண்ணைச் சூனியக்காரி என்றும் எழுதுவது அநியாயம், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம் அது.

அப்புறம், கதையில் அங்குள்ள ஜூலு இனத்துச் சங்கோமா வந்தால் சங்கோமா என்றே விடுங்கள். முன்னோர் துணையோடு நோய் பார்ப்பவர்கள் அவர்கள், ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒருவர்மேல் சூனியப் பழி போடுவதே 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் பாத்திரம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருவில் நின்று ‘சூனியக்காரி’ என்று கத்தினால் அது வெறும் வசவு இல்லை.