கம்பைலர் ஏபிஐயும் லோக்கல் இம்போர்ட்டும் – கடிதம்

வணக்கம் சார்,

மாணவர்கள் எழுதும் டைப்ஸ்கிரிப்ட் நிரலை வாங்கி டைப் பிழைகளைக் காட்டும் சிறிய கருவி ஒன்றை நோடில், டைப்ஸ்கிரிப்டின் கம்பைலர் ஏபிஐயை (கம்பைலரை நம் நிரலிலிருந்தே அழைக்க உதவும் ஃபங்ஷன்கள்) வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். கோப்புகளை டிஸ்கில் எழுதாமல், கோப்பின் பாதையைச் சாவியாகக் கொண்டு நினைவகத்தில் ஒரு மேப்பில் வைத்திருக்கிறேன். 'கிரியேட் கம்பைலர் ஹோஸ்ட்' தரும் ஹோஸ்டை (கம்பைலருக்குக் கோப்புகளை எடுத்துத் தரும் ஆப்ஜெக்ட்) எடுத்து, 'கெட் சோர்ஸ் ஃபைல்', 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்', 'ரீட் ஃபைல்' மூன்றும் என் மேப்பைப் பார்க்கும்படி மாற்றிவிட்டேன். '/வேலை/மெயின்.டிஎஸ்' சரியாக ஏறுகிறது. அதிலிருந்து './கணக்கு' என்று இம்போர்ட் செய்தால் மட்டும் பிழை எண் 2307, மாட்யூலைக் காணோம் என்கிறது. இரண்டு கோப்புகளையும் ரூட் பட்டியலில் (கம்பைலருக்கு நேரடியாகக் கொடுக்கும் கோப்புப் பெயர்கள்) சேர்த்தும் அதே பிழை. அதே கோப்புகளை டிஸ்கில் போட்டு டிஎஸ்சி என்ற கமாண்ட்லைன் கம்பைலரை ஓட்டினால் ஒரு புகாரும் இல்லை. 'டிரான்ஸ்பைல் மாட்யூல்' ஃபங்ஷனுக்கு மாறிவிடு, பிழை போய்விடும் என்கிறார் நண்பர். மாறிவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாறாதீர்கள். டிரான்ஸ்பைல் மாட்யூல் ஒரே ஒரு கோப்பை வாங்கி டைப்புகளை நீக்கிவிட்டு ஜாவாஸ்கிரிப்டைத் தரும், அவ்வளவுதான். இம்போர்ட்டைத் தேடவே கூடாது என்ற ஆப்ஷனை அதுவே உள்ளுக்குள் போட்டுக்கொள்கிறது, அதனால்தான் பிழை வருவதில்லை. பிழை போகும், கூடவே உங்கள் கருவியின் வேலையும் போகும். கணக்கு கோப்பில் எண் கேட்கும் ஃபங்ஷனுக்கு ஒரு மாணவர் மெயினிலிருந்து ஸ்டிரிங் அனுப்பினால் அதைச் சொல்ல ஆள் இருக்காது. அதைச் சொல்வதற்காகத்தானே இந்தக் கருவியையே செய்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். மூன்று ஃபங்ஷன்களை மாற்றினீர்கள், நான்காவதை விட்டுவிட்டீர்கள்: 'டைரக்டரி எக்ஸிஸ்ட்ஸ்'. அது இன்னும் நிஜ டிஸ்கைத்தான் பார்க்கிறது. './கணக்கு' என்ற பெயரைப் பார்த்ததும் கம்பைலர் நேரே கணக்கு.டிஎஸ் இருக்கிறதா என்று கேட்பதில்லை, முதலில் '/வேலை' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று கேட்கிறது. டிஸ்கில் அப்படி ஒன்று கிடையாது, இல்லை என்று பதில் வருகிறது. ஃபோல்டரே இல்லாதபோது உள்ளே தேடுவானேன் என்று அதற்குக் கீழுள்ள எல்லாத் தேடலையும் விட்டுவிடுகிறது. நீங்கள் அக்கறையாக எழுதிய ஃபைல் எக்ஸிஸ்ட்ஸை இந்த இம்போர்ட்டுக்காக யாரும் கூப்பிடவே இல்லை! அதில் ஒரு கன்சோல் லாக் போட்டுப் பாருங்கள், கணக்கு.டிஎஸ் என்ற பெயர் அங்கே வரவே வராது.

டைரக்டரி எக்ஸிஸ்ட்ஸையும் மாற்றி, மேப்பில் உள்ள ஏதாவது ஒரு பாதை அந்த ஃபோல்டர் பெயரில் தொடங்கினால் ஆம் என்றும், இல்லாவிட்டால் பழைய ஃபங்ஷன் என்ன சொல்கிறதோ அதையும் திருப்பி அனுப்புங்கள். அந்த ஃபங்ஷனையே ஹோஸ்டிலிருந்து எடுத்துவிட்டாலும் இந்தப் பிழை போய்விடும், ஏனென்றால் அது இல்லாத ஹோஸ்டில் எல்லா ஃபோல்டரும் இருப்பதாகவே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஆனால் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் உள்ள டைப்ஸ் பேக்கேஜ்கள் தானாக ஏறுவதும் அதோடு நின்றுவிடும் என்பதால் எனக்கு அந்த வழியில் விருப்பமில்லை. பழைய ஃபங்ஷனுக்குத் திரும்பிப் போவது மற்ற மூன்றுக்கும் வேண்டும். மேப்பை மட்டும் பார்த்தால், ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படை டைப்புகளைச் சொல்லும் லிப் கோப்புகளும் கிடைக்காமல் போய், அர்ரே என்றால் என்னவென்றே தெரியாது என்று 2318 பிழைகள் வரிசையாக வந்து நிற்கும்.

ரூட் பட்டியலில் சேர்த்தும் ஏன் பலிக்கவில்லை என்பதைப் பலர் கேட்கிறார்கள். ரூட் பட்டியலில் உள்ளதை கெட் சோர்ஸ் ஃபைல் மூலம் நேரே ஏற்றுவது ஒரு வேலை, இம்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயரை ஒரு பாதையாக மாற்றுவது வேறு வேலை. இரண்டாவது வேலை, ஏற்கெனவே ஏறியிருக்கும் கோப்புகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, ஹோஸ்டை மட்டும்தான் கேட்கும். அதனால் கணக்கு.டிஎஸ் புரோகிராமுக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கும்போதே அதைக் காணோம் என்ற பிழையும் வரும்.

இதையெல்லாம் ஊகித்துத் தேட வேண்டியதே இல்லை. ஆப்ஷனில் 'ட்ரேஸ் ரெசல்யூஷன்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். கம்பைலர் எந்தெந்தப் பாதையைக் கேட்டது, எதற்கு என்ன பதில் வந்தது, எங்கே தேடலைக் கைவிட்டது என்று வரிவரியாக எழுதிக்காட்டும், உங்கள் விஷயத்தில் '/வேலை' ஃபோல்டர் இல்லை, அதில் உள்ள தேடல்களை விடுகிறேன் என்ற வரியே அதில் இருக்கும். ஹோஸ்டை முழுக்க நீங்களே எழுதியிருந்தால் அதில் 'ட்ரேஸ்' என்ற ஃபங்ஷனும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்ஷனைப் போட்டும் ஒரு வரிகூட வராது. ஒரே ஒரு இம்போர்ட்டைச் சோதிக்க 'ரிசால்வ் மாட்யூல் நேம்' என்ற ஃபங்ஷனைத் தனியாகவும் கூப்பிடலாம். இம்போர்ட் பிரச்சினை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்காமல் புள்ளியையும் சாய்கோட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கழிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ட்ரேஸைப் படித்தால் இன்னொன்றும் பிடிபடும். மேப்பில் சாவியாக வெறும் 'மெயின்.டிஎஸ்', 'கணக்கு.டிஎஸ்' என்று வைத்திருப்பவர்களுக்கு மெயின் ஏறிவிடும், ஏனென்றால் ரூட் பெயர் கொடுத்தபடியே ஹோஸ்டுக்கு வருகிறது. இம்போர்ட்டைத் தேடும்போது மட்டும் கரண்ட் டைரக்டரியை முன்னால் சேர்த்து முழுப் பாதையாகத்தான் கேட்கும், மேப்பில் அந்தச் சாவி இருக்காது. நீங்கள் '/வேலை' என்று முழுப் பாதை வைத்திருப்பது நல்லது. விண்டோஸில் இதை ஓட்டுவதானால், கம்பைலர் எப்போதும் முன்சாய்ந்த கோட்டில்தான் பாதையைக் கேட்கும் என்பதையும், நோடின் 'பாத் ஜாயின்' பின்சாய்ந்த கோட்டைப் போடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் ஆப்ஷன்கள். ஆப்ஷன்களை எழுதிவைக்கும் டிஎஸ்கான்ஃபிக் கோப்பை டிஎஸ்சி தானாகத் தேடிப் படிக்கும், ஏபிஐயில் கம்பைல் வேலையைத் தொடங்கும் 'கிரியேட் புரோகிராம்' படிக்காது. டிஎஸ்கான்ஃபிக்கில் மாட்யூல் வகையாக இருக்கும் 'காமன்ஜேஎஸ்' என்ற ஸ்டிரிங்கை அப்படியே தூக்கி ஏபிஐக்குக் கொடுத்தாலும் சரிவராது, அங்கே அது ஒரு எண். 'மாட்யூல் கைண்ட்' என்ற ஈனமில் (எண்களுக்குப் பெயர் வைத்த பட்டியல்) காமன்ஜேஎஸ் என்றால் 1. ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் இந்தத் தவறை எடிட்டர்கூடச் சொல்லாது. 'கன்வெர்ட் கம்பைலர் ஆப்ஷன்ஸ் ஃப்ரம் ஜேசன்' என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது, அதன் வழியாக அனுப்புங்கள். மாட்யூல் ஆப்ஷனை நோட்நெக்ஸ்ட் என்று வைத்து இஎஸ் மாட்யூலாக (ஜாவாஸ்கிரிப்டின் சொந்த மாட்யூல் முறை) எழுதினால் './கணக்கு' போதாது, கோப்பு டிஎஸ் ஆக இருந்தாலும் './கணக்கு.ஜேஎஸ்' என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் வரும் பிழைக்கு எண் 2835, அதைப் பார்த்தால் ஹோஸ்டைக் கிளற வேண்டாம்.

இவ்வளவையும் சொந்தமாக எழுத நேரமில்லை என்றால் டைப்ஸ்கிரிப்ட் குழுவே வெளியிட்டிருக்கும் விஎஃப்எஸ் என்ற பேக்கேஜ் இருக்கிறது, மேப்பைக் கொடுத்தால் ஹோஸ்டைத் தந்துவிடும். ஆனால் உங்கள் கருவிக்கு இன்னும் ஒரு ஃபங்ஷன்தான் பாக்கி, அதை எழுதி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் 2307 வந்தால், நிரலை அனுப்ப வேண்டாம், ட்ரேஸ் வெளியீட்டை முழுதாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.