மூன்று பேருக்கும் ஒரே கிருமியா?

கேள்வி: எங்கள் ஐசியூவில் பத்து நாளில் மூன்று பேருக்குக் கார்பாபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா பாக்டீரியா வந்திருக்கிறது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று காட்டும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட், மூவருக்கும் அச்சு அசலாக ஒன்றே. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது என்று எடுத்துக்கொள்ளலாமா? மரபணு வரிசைப் பரிசோதனைக்கு அனுப்பினால் பயன் உண்டா?
- தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், தனியார் மருத்துவமனை

பதில்: ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நம் நாட்டு ஐசியூக்களில் இந்தக் கிளெப்சியெல்லா பெரும்பாலும் இந்த மருந்துகளைச் செயலிழக்க வைக்கும் என்டிஎம், ஆக்ஸா-48 வகை மரபணுக்களைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது. யாருக்குப் பார்த்தாலும் வரிசையாக ‘ஆர்’, அதாவது மருந்துக்குக் கட்டுப்படாது, என்றே வரும். கல்யாண வீட்டில் செருப்பு தொலைந்தால், ‘வெள்ளை வேட்டிக்காரர்தான் எடுத்தார்’ என்று சொல்வது போல.

மரபணு வரிசை அதற்கும் உள்ளே போய்ப் பார்க்கிறது. கிளெப்சியெல்லாவின் மரபணுத் தொகுதியில் சுமார் 55 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். அண்மையில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருந்தால் சில எழுத்துகள்தான் மாறியிருக்கும். 20 வரை என்றாலும் பரவல் என்று சந்தேகப்படலாம். நூற்றுக்கணக்கில் மாறியிருந்தால் தனித்தனியாக வந்தவை. இடைப்பட்ட எண் வந்தால், யார் எந்த பெட்டில் எத்தனை நாள் இருந்தார் என்ற பதிவு இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் 2011-ல் நடந்தது. ஜூனில் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு நோயாளியிடம் இதே கிளெப்சியெல்லா. தனிமைப்படுத்தினார்கள், ஜூலை நடுவில் அவர் வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து இன்னொருவருக்கு வந்தது. அது எஸ்டி258 என்ற வகை. அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்ததால், வகை ஒன்றாக இருப்பது எதையும் நிரூபிக்கவில்லை. முழு வரிசையையும் படித்து, நோயாளிகள் எங்கே இருந்தார்கள் என்ற பதிவோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான், முதல் நோயாளியிடமிருந்தே மூன்று முறை தனித்தனியாகப் பரவியிருக்கிறது என்று தெரிந்தது. நடுவில் எந்த அறிகுறியும் இல்லாமல் குடலில் கிருமியைச் சுமந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து வைத்திருந்த வென்டிலேட்டரிலும், சிங்க் கழிவுக் குழாயிலும் கிருமி கிடைத்தது. மொத்தம் 18 பேர்; 11 பேர் இறந்தார்கள், அதில் ஆறு மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம்.

உங்கள் ஐசியூவில் மூவர் என்றால், உண்மையில் மூவர்தானா என்பதே என் முதல் சந்தேகம். அவர்களோடு அந்த நாட்களில் இருந்த எல்லோருக்கும் ரெக்டல் ஸ்வாப் (ஆசனவாயிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி) எடுங்கள். சிங்க்கையும் விடாதீர்கள். மூவரையும் தனிமைப்படுத்துங்கள், அவர்களுக்கென்று தனி பிபி கஃப், ஸ்டெதஸ்கோப் வையுங்கள். இதற்கெல்லாம் வரிசை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

சரி, அனுப்பலாமா? அனுப்புங்கள். ஆனால் ஒரு சிக்கல்: என்டிஎம் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். அது கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்குக்கூடத் தாவும். அப்போது கிருமிகள் வேறு வேறு என்று ரிப்போர்ட் வந்தாலும் பரவல் நடந்துதான் இருக்கும். அதனால், பிளாஸ்மிட்டையும் முழுதாகப் படிக்கும் நீள்வாசிப்பு முறை, அதாவது நானோபோர் போன்றது, உண்டா என்று ஆய்வகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, யாரிடமிருந்து யாருக்கு என்ற திசையை வரிசை மட்டும் சொல்லாது. முதலில் பாசிட்டிவ் ஆனவர்தான் பரப்பினார் என்று அந்தக் குடும்பத்தாரிடம் யாரும் வாய்விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான இடங்களில் காரியம் கெடுவது இதில் எதிலும் இல்லை. ரிப்போர்ட் போனதும் கிருமி வளர்ந்த பிளேட்டை ஆட்டோகிளேவில் போட்டுக் கிருமியைக் கொன்றுவிடுகிறார்கள். அப்புறம் வரிசைப்படுத்த என்ன இருக்கிறது? கிருமியைக் கிளிசரால் கலந்து மைனஸ் 70 டிகிரியில் வைக்கலாம். அந்த ஃப்ரீசர் இல்லாவிட்டால் நியூட்ரியன்ட் அகார் ஸ்டாபில், அதாவது சின்னக் குழாயில் உறைந்த வளர்ப்பு ஜெல்லில் குத்தி, இருட்டில் வைத்தாலே சில மாதம் தாங்கும். மூன்றாவது நோயாளியின் பிளேட்டாவது இன்னும் லேபில் இருக்கும், இன்றைக்கே போன் போடுங்கள்.