ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் ஆராய்ச்சிக்குக் கம்பெனிகள் நன்கொடை தந்தால், ஆட்டிசம் உள்ளவர்களே ஏன் எதிர்க்கிறார்கள்?

பணம் கொடுப்பதில் அவர்களுக்குக் கோபம் இல்லை, அது எங்கே போகிறது என்பதில்தான். ஆட்டிசம் காய்ச்சல் மாதிரி வந்து போவதில்லை; மூளை வளரும் விதமே அது, அதனால் ‘குணப்படுத்துவோம்’ என்பது ‘நீ இப்படி இருக்கவே கூடாது’ என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. ஆட்டிசம் உள்ளவரும் அவர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவருமான ஜிம் சின்க்ளேர் 1993-லேயே இதைப் பெற்றோர்களிடம் நேரடியாகச் சொன்னார். குணப்படுத்தும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிவந்த அமெரிக்காவின் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் அமைப்புகூட 2016-ல் தன் குறிக்கோளிலிருந்து ‘குணப்படுத்துதல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது.

சரி, பணம் வேறு எதற்கு வேண்டும்? பேச்சு வராத ஒரு பையன் டேப்லெட்டில் படத்தைத் தொட்டு ‘தலை வலிக்குது’ என்று முதல்முறையாகச் சொல்வதற்கு, டியூப்லைட் இரைச்சல் தாங்காமல் வேலையையே விடப்போகிறவருக்கு ஓர் அமைதியான அறை கிடைப்பதற்கு. வலிப்பு, தூக்கமின்மை பற்றிய ஆராய்ச்சியையும் பலர் வரவேற்கிறார்கள். செக் எழுதும் முன் அவர்களையே கூப்பிட்டுக் கேட்கலாமே!