உங்கள் மகன் எந்தக் கணக்கில்?

கேள்வி: பொறியியல் முடித்த மகன் இரண்டு ஆண்டுகளாக வேலை தேடுகிறான். விடியற்காலையில் எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட உட்காருவான். இரவில் செய்தி பார்த்துக்கொண்டே அவன் அப்பா, "உலகத்துலயே பெரிய பொருளாதாரங்கள்ல நம்ம நாடும் ஒண்ணு, வேலையில்லாதவங்க 3.2 சதவீதந்தானாம், ஒனக்கு மட்டும் என்னடே கெடைக்கல?" என்பார். நேற்று மரச்சீனியும் மீன்குழம்பும் பாதித் தட்டில் இருக்கவே கைகழுவி எழுந்துவிட்டான். நாட்டைப் பற்றி நம்பிக்கையாகப் பேசுவது தவறா?
- ஒரு வாசகி, அருமனை

பதில்: தவறே இல்லை. ஆனால் உங்கள் கணவர் அந்த நேரத்தில் பேசுவது மகனைப் பற்றி. நாட்டை வெறும் பிரம்பாகக் கையில் எடுத்திருக்கிறார்.

அவர் சொல்லும் 3.2 சதவீதம் சரியான எண்தான். 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயது வரையிலானவர்களுக்கு அது 10.2 சதவீதம் என்பதையும் அவர் பார்த்திருக்கலாம். அதைவிட முக்கியமானது, யாரை வேலையில் இருப்பவராக எண்ணுகிறார்கள் என்பது. ஓராண்டில் 30 நாட்களாவது, துணைத் தொழிலாகவாவது உழைத்தவர் வேலையில் இருப்பவர். சொந்த வீட்டுத் தோட்டத்திலோ கடையிலோ சம்பளமின்றி உதவுகிறவரும் அப்படியே. ஆகவே கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, நீங்களும் உள்ளதை உள்ளபடி சொன்னால், உங்கள் மகன் அந்த 3.2க்குள் வரமாட்டார், வேலை பார்ப்பவர் பட்டியலில் போய்விடுவார். அவருடைய விடியற்காலை உழைப்பை அரசாங்கத்தின் கணக்கு வேலை என்று ஒப்புக்கொள்கிறது. உங்கள் வீட்டுக் கணக்குதான் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரிய பொருளாதாரம் என்பதும் அப்படித்தான். அது 140 கோடிக்கும் மேற்பட்டவர்களின் வருமானத்தைக் கூட்டி வந்த பெருமை. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் நமக்கு முன்னால் 100 நாடுகளுக்கு மேல் நிற்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், படித்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. படிப்புக்கேற்ற வேலைக்கோ மாவட்ட எல்லையிலுள்ள ஆரல்வாய்மொழியையோ களியக்காவிளையையோ, இல்லையென்றால் கடலையோ தாண்ட வேண்டியிருக்கிறது. இது உங்கள் கணவருக்குத் தெரியாததல்ல. (செய்தியைச் சாப்பாடு முடிந்தபின் போட்டால் மீன்குழம்பாவது மிஞ்சும்.)

உங்களுக்கும் ஒரு வார்த்தை. இடமில்லாததால் அச்சிடாமல் விட்ட பகுதியில், கல்யாண வீட்டில் "மக்களே, வேலை ஏதும் ஆச்சா?" என்று மகனைக் கேட்டவர்களிடம், விசாவுக்குக் காத்திருக்கிறான் என்று நீங்களே முந்திக்கொண்டு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னபோது, வேலை தேடுவது மறைக்க வேண்டிய காரியம் என்று நீங்களும் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அப்பாவின் பேச்சைவிட இது அவருக்குக் குறைவாக வலித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மகன் பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுக்கும் முன்பு, கூலிக்கு ஆள் வந்து வெட்டியிருப்பார். மரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்திருப்பீர்கள். சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போடுவதுவரை மகனே செய்கிறார் என்றால் அதற்கும் தனிக்கூலி உண்டு. அடுத்த முறை ஷீட் விற்ற பணம் வந்ததும் அந்தத் தொகையைக் கணக்குப் பார்த்து, கணவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். தேர்வுக் கட்டணத்துக்கும் சென்னை ரயிலுக்கும் அவர் உங்கள் முந்தானை முடிச்சைப் பார்த்து நிற்க வேண்டியிருக்காது.