கீழே இறங்குவது – கடிதம்

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம், என் ஊர். மூன்று வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சின்ன ஊரை விட்டுத் தப்பிப் போகும் பிள்ளைகளைப் பற்றிய படங்களாகத் தேடிப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஊர் ஒரு சிறை, கடைசியில் ஒரு ரயில். பார்த்து முடித்ததும் அழுகை வருகிறது, அப்புறம் கோபம் வருகிறது. நான் எதிலிருந்தும் தப்பி வரவில்லை. "ஊட்டிப் பக்கத்தை விட்டுட்டு யாராவது வருவாங்களா?" என்று விடுதியில் கேட்கிறார்கள். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். நான் அவளை விட்டு ஓடிவந்தவளா? இந்தப் படங்கள் எனக்குச் சொந்தமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நானும் குன்னூரிலிருந்து கீழே இறங்கியவன்தான். அதனால் உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் படங்களில் நல்லவற்றை இன்னொரு முறை பாருங்கள். அவற்றில் கேமரா போகிறவனோடு மட்டும் போய்விடுவதில்லை.

இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் 'இ விட்டெல்லோனி' (1953). கடலோரச் சிற்றூரில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றும் ஐந்து இளைஞர்கள். ஒருவன் மட்டும் விடியற்காலை ரயிலில் கிளம்புகிறான். ஸ்டேஷனில் வேலை செய்யும் சிறுவன், இங்கே உனக்கு என்ன குறை என்பதுபோல் கேட்கிறான். போகிறவனிடம் சரியான பதில் இல்லை. ரயில் நகர்ந்ததும் நண்பர்கள் அவரவர் கட்டிலில் தூங்குவதைக் காட்டுகிறார் ஃபெல்லினி. ஒவ்வொரு படுக்கையறை வழியாகவும் ரயில் ஓடுவதுபோல் கேமரா நகர்கிறது. அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவர்களும் விழிக்கவில்லை. பிரிவை இதைவிடச் சரியாக யாரும் எடுத்ததில்லை என்பது என் எண்ணம்.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) பார்த்திருக்கிறீர்களா? உதவித்தொகை கிடைத்து அப்பு கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான். ஒரு விடுமுறை முடிந்து ஸ்டேஷன் வரை போனவன், வந்த ரயிலில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, வண்டியைத் தவறவிட்டதாக அம்மாவிடம் சொல்கிறான். அம்மாவுக்கு இன்னும் ஒரு நாள். அவ்வளவுதான். அம்மா சர்பஜயா தன் நோயைக்கூட அவனிடம் சொல்வதில்லை. அப்பு ஓடிப்போனவன் என்று ராய் எங்கேயும் தீர்ப்பு சொல்லவில்லை. போகவும் வேண்டும், போனால் வலிக்கவும் செய்யும். இரண்டையும் அப்படியே வைத்துவிடுகிறார்.

'சினிமா பாரடைசோ' என்ற இத்தாலியப் படத்தில், தியேட்டரில் படம் ஓட்டிய வயதான ஆல்பிரடோ, ஊருக்குத் திரும்பி வராதே என்று பையனிடம் சொல்லி அனுப்புகிறார். படம் எனக்குப் பிடிக்கும், அந்த அறிவுரையை மட்டும் ஏற்க முடியாது. படுகர் திருவிழாவான எத்தய் ஹப்பாவுக்கு வெள்ளை உடுத்திப் பேரகணிக்கு வருகிற கூட்டத்தில் கீழே வேலைக்குப் போன எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நம் மலைக்கு வருவோம். இங்கே ஊரை வெறுத்துக் கிளம்புகிற பிள்ளைகள் குறைவு. வீடே அனுப்பி வைக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது நான் பார்த்தேன். ஒன்று இரண்டு ஏக்கர் வைத்திருந்த வீடுகளில், கொழுந்தை எடை போட்டு வாங்கிய காசு பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போனது. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். இந்தக் கதையில் சிறை இல்லை, தப்பித்தலும் இல்லை. அதனால்தான் வெளிநாட்டுப் படங்கள் உங்களுக்கு அளவெடுக்காமல் தைத்த சட்டைபோல் இருக்கின்றன. சினிமாவுக்கு நம் ஊர் பாட்டு எடுக்கும் இடமாகவே இருந்துவிட்டது. இத்தனைக்கும் ஊட்டி இந்துநகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் படச்சுருளே செய்தது. அதில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பிறகு கீழேதான் போனார்கள்.

'மூன்றாம் பிறை' (1982) வேறு கதைதான். ஆனாலும் கடைசியில் கேத்தி ஸ்டேஷன் மழையில் ரயில் போன பிறகு அங்கே நிற்கிறவனை அது பார்க்கிறது. நம் பிள்ளைகளின் கதையை எடுக்க வருகிறவர்கள் அந்தப் பார்வையிலிருந்து தொடங்கலாம்.

நீங்கள் ஓடிவந்தவளா என்று என்னைக் கேட்காதீர்கள், தங்கச்சி. நீங்கள் கிளம்பிய அன்று, பஸ் போன பிறகு என்ன செய்தாள் என்று அம்மாவைக் கேளுங்கள். நான் கேட்கப் பல வருடம் ஆனது.

என்னை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்று, அம்மா ஸ்வெட்டரின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பர்லியாரில் காது அடைத்தது, கல்லாறில் வேர்த்து ஊற்றியது. மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் இறங்கும்வரை அந்தப் பொத்தானை நான் கழற்றவில்லை. அந்தப் பயணத்தில் என்னைத் தவிர வேறு யாரையும் நான் நினைக்கவில்லை. கேட்டபோது அம்மா சொன்னாள்: "அன்னிக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் போட்டாங்க. கேன் கையிலயே இருந்துச்சு. நேரா போய் வரிசையில நின்னுட்டேன்."

அவள் கையில் கேன் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

அன்புடன்.