தொட்டியில் கிடக்கும் கல் ஸ்டாக்கா?

கேள்வி: ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) பட்டறை வைத்திருக்கிறோம். ஆர்டர், ஸ்டாக், பில் மூன்றுக்கும் சாஃப்ட்வேர் செய்யும் தம்பி, என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொல்கிறார். எப்படி எழுதுவது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: எழுதித் தரச் சொல்கிறார் என்றால் நல்ல ஆள்தான் அம்மா, விட்டுவிடாதீர்கள். ஆனால் 'ஸ்டாக் தெரிய வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். கண்ணாடியில் வார்த்து எடுத்த கல் உடனே விற்கிற சரக்கு இல்லையே. தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும், அப்புறம் காய வேண்டும். தொட்டியில் கிடக்கும் 500 கல்லையும் கணினி ஸ்டாக்காகக் காட்டினால், பில் போடுகிறவர் நாளைக்கே லாரி அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே, 'வார்த்தது, ஊறுவது, காய்வது, தயாரானது என எண்ணிக்கை தனித்தனியாகத் தெரிய வேண்டும். தயாரானதை மட்டுமே அனுப்பும் பில்லில் சேர்க்க முடிய வேண்டும்' என்று எழுதுங்கள். செய்து தந்ததும் சரியா தப்பா என்று நீங்களே சோதித்துவிடலாம். 'சுலபமாக இருக்க வேண்டும்' என்பதை எதை வைத்துச் சோதிப்பீர்கள்?

கல் வார்ப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். இது ரொம்ப முக்கியம். சாயம் கையால் கலப்பதால் அடுத்த தடவை நிறம் கொஞ்சம் மாறலாம். கல் வாங்கியவர் பிறகு 30 கல் கூடுதலாகக் கேட்டால், எந்தத் தேதியில் வார்த்தது என்ற குறிப்பு வேண்டும். அது கல் வார்ப்பவருக்குத்தான் தோன்றும்.

தேவைகளை எழுதுவதற்கென்றே 29148 என்ற எண்ணில் உலகத் தர ஆவணம் இருக்கிறது; 2018இல் திருத்தியது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். பழைய ஆர்டர் நோட்டைத் தம்பியிடம் கொடுங்கள். திரைகளை முதலில் பேப்பரில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.